கல் இல்லாத நாடும் கல் மேட்டு நாடும்

சுமேரியர் வாழ்ந்த தெற்கு இராக்கில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் யூப்ரடீசும் டைகிரிசும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். செம்பு இல்லை, வெள்ளீயம் இல்லை, உத்தரத்துக்கு ஆகிற மரம் இல்லை. பேரீச்சையும் நாணலும் உண்டு. ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை எட்டுவதே அபூர்வம். பெங்களூரின் தென்கோடியில் ஓசூர் சாலையில் இருக்கும் ஹெப்பகோடியின் கதை வேறு. கடைக்கால் தோண்டினாலே பாறை தட்டும் பூமி. மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். ஆனேக்கல் வட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை பரந்து கிடக்கும் இந்த மேட்டுநிலத்தில் கல்லுக்கும் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் பஞ்சம் இருந்ததில்லை. வசதியை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் நகரம் இங்கேதான் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததோ அந்தச் சேற்று நிலத்தில். ஏன்?

இந்தக் கேள்வியைத் தமிழில் நாம் அதிகம் கேட்டதில்லை. சுமேரியரைப் பற்றி நம்மிடையே எழும் பேச்சு பெரும்பாலும் அவர்கள் தமிழர்களா, நாம் மூத்தவர்களா அவர்கள் மூத்தவர்களா என்பதிலேயே தீர்ந்துபோகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பை வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சின் சுருதி இன்னும் கூடியிருக்கிறது. ஆண்டுக்கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர்கள் எப்படி நகரத்துக்கு வந்தார்கள், அவர்களோடு வணிகம் செய்த சிந்துவெளியார் என்ன செய்தார்கள், அதே காலத்தில் இந்தத் தக்காண மேட்டில் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது என்பது என் எண்ணம்.

மண்ணும் தண்ணீரும்

கல் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் மண்ணில் செய்தார்கள். கி.மு. ஐந்தாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த உபைத் காலத்து ஊர்களில் அகழ்ந்தவர்களுக்கு அரிவாள்கள் குவியலாகக் கிடைத்தன. அத்தனையும் சுட்ட மண். களிமண்ணை வளைத்து, விளிம்பைக் கூராக்கி, கல்லைப்போல் இறுகும்வரை சூளையில் வேகவைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் தாங்கியிருக்கும்? உடைந்தால் இன்னொன்று சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். சுவரும் மண், எழுதும் ஏடும் மண், சுவரை அலங்கரிக்க வண்ணம் தீட்டிச் செருகிய கூம்புகளும் மண்.

தெற்கு இராக்கின் எரிது என்ற இடத்தில் 1940களின் பிற்பகுதியில் ஃபுவாத் சஃபரும் சீட்டன் லாய்டும் அகழ்ந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட கோவில்கள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. அடியில் இருந்தது ஒரு சின்னஞ்சிறு அறை. மேலே வர வர மேடையும் மண்டபமுமாக விரிந்திருந்தது. படையலாக வைத்த மீன்களின் எலும்புகள் அங்கேயே கிடந்தன. பல நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் ஒரே தெய்வத்துக்கு மக்கள் படைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அரசர் எவரும் தலையெடுப்பதற்கு முன்பே பார்லியும் மீனும் ஒரு பொது இடத்தில் சேரத் தொடங்கிவிட்டன.

தண்ணீர் அவர்களுக்குக் கிடைத்த விதமும் விசித்திரம். அந்த இரண்டு ஆறுகளிலும் வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், மலைப் பனி உருகும்போது. பார்லி அறுவடைக்கு நிற்கும் நேரம் அது. விதைக்க வேண்டிய இலையுதிர் காலத்திலோ ஆறு வற்றிக் கிடக்கும். வேண்டாதபோது வரும் தண்ணீரைக் கரை போட்டுத் தடுக்க வேண்டும். வேண்டும்போது வாய்க்கால் வெட்டி இழுத்துவர வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை இது.

இதை வைத்துத்தான் கார்ல் விட்ஃபோகல் 1957இல் ஒரு பெரிய கோட்பாட்டை எழுப்பினார்: பாசனத்தை நிர்வகிக்க அதிகாரம் தேவைப்பட்டது, அந்த அதிகாரமே கொடுங்கோல் அரசாக வளர்ந்தது என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ராபர்ட் மெக்கார்மிக் ஆடம்ஸ் இராக்கின் பாலைவெளியில் பழைய வாய்க்கால் தடங்களைத் தேடித் தேடி வரைபடம் போட்டபோது வேறொன்று தெரிந்தது. நகரங்கள் எழுந்த காலத்தில் இருந்தவை ஊரளவிலான சிறு வாய்க்கால்கள். பெரிய கால்வாய்கள் அரசுகள் நிலைபெற்ற பிறகு வந்தவை. பாசனம் அரசைப் பெற்றது என்பதைவிட, அரசு தன் பலத்தில் பாசனத்தை விரித்தது என்பதே சான்றுக்கு நெருக்கம். வடக்கே, இன்றைய சிரியாவில் மழையை நம்பிய நிலத்தில் டெல் பிராக் என்ற ஊர், தெற்கின் பெருநகரான உருக்கின் உச்சகாலத்துக்கு முன்பே நகரமாக வளர்ந்திருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாய்க்கால் இல்லாமலும் நகரம் உருவாகும். ஆனால் நான்காம் ஆயிரமாண்டின் இறுதியில் அந்த வடபுலத்து நகரங்கள் சுருங்கிப்போயின, தெற்கு நின்றது. பரப்பளவில் ஈடுகொடுக்கும் நீர்ப்பாசன வயலும், படகு போகும் ஆறும் கழிமுகமும் தெற்கில் இருந்தன. நூறு மூட்டை தானியத்தை வண்டியில் ஏற்றுவதைவிடப் படகில் ஏற்றுவது எளிது என்பது அந்நிலத்தின் பெரிய மூலதனம்.

குஷிமின் கணக்கு

கி.மு. 3200 வாக்கில் உருக் 250 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்தது. பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1912 முதல் ஜெர்மானியர்கள் அங்கே அகழ்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு அதிகம் அகப்பட்ட பொருள் தங்கமோ சிலையோ அல்ல, ஒரு அவலட்சணமான மண் கிண்ணம். விளிம்பு சரிவாக வெட்டப்பட்டு, வழவழப்பே இல்லாமல், அச்சில் அழுத்திச் செய்து சுட்டது. ஆயிரக்கணக்கில், ஏறத்தாழ ஒரே அளவில், பயன்படுத்தியதும் தூக்கி எறியப்பட்ட நிலையில் கிடைக்கிறது. பின்னால் எழுத்து வந்தபோது உணவைக் குறிக்கும் குறி இந்தக் கிண்ணத்தின் வடிவத்தை ஒத்திருந்தது. ஒரு தலையை வரைந்து அதன் வாயருகே கிண்ணத்தைப் போட்டால் ‘தின்னல்’. வேலை செய்தவர்களுக்குப் படி அளந்த கிண்ணம் இது என்று பலர் கருதுவது இதனால்தான். வயிற்றுக்காக அடுத்தவரிடம் கிண்ணத்தை நீட்டும் மனிதர் கூட்டம் கூட்டமாக உருவாகிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. நகரத்தின் பெருமையைப் பேசும்போது இந்தக் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

உருக்கில் கிடைத்த முதல் எழுத்துகள் சுமார் 5,000 களிமண் ஏடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கணக்கு: ஆடு, பார்லி, மீன், துணி, ஆள். எஞ்சியவை எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். பதவிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் ஒரு பட்டியலை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மாணவர்கள் மாறாமல் படியெடுத்திருக்கிறார்கள். கதையும் துதியும் எழுத்தில் ஏற இன்னும் ஐந்தாறு நூற்றாண்டு ஆனது.

அந்த ஏடுகளில் ஒன்று உள்ளங்கையில் அடங்கும். 37 மாதங்களில் 29,086 அளவு பார்லி வரவு. ஓரத்தில் ‘குஷிம்’ என்று படிக்கக்கூடிய குறி. அது ஓர் ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதே குறி வரும் வேறு பல ஏடுகளும் உண்டு. எல்லாம் பார்லி, மாவு, முளைத்தானியம், அதிலிருந்து வடித்த பீர் பற்றியவை. குஷிம் பீர் சரக்கறைக்குப் பொறுப்பு என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. மனித குலத்தின் பெயர் தெரிந்த முதல் ஆள் என்று சிலர் சுட்டுவது அரசரை அல்ல, போர்வீரரை அல்ல, பீருக்குத் தானியம் கணக்கு வைத்த ஒருவரை. ஹெப்பகோடியில் இன்று மெட்ரோ நிலையத்துக்கே தன் பெயரைக் கொடுத்திருக்கும் பயோகான் நிறுவனம் 1978இல் தொடங்கியபோது தயாரித்ததும் பீரைத் தெளியவைக்க உதவும் பப்பெயின், ஐசிங்கிளாஸ் என்ற இரண்டு பொருள்களைத்தான். நிறுவனர் கிரண் மஜும்தார் பீர் வடிக்கும் தொழிலை ஆஸ்திரேலியாவில் முறையாகப் படித்தவர். இதில் ஆழமான தொடர்பு எதுவும் இல்லை. குஷிமைச் சொல்லும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு வளர வளரக் கணக்குக்குள் அடங்கிய மனிதரும் பெருகினர். கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் நகரின் மூன்றாம் அரசமரபு ஆண்டபோது, ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30 என்று படி வகுத்திருந்தார்கள். ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். சுமேரியரின் லகாஷ் வட்டாரத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான பெண்கள் நெசவுக் கூடங்களில் இந்தப் படிக்கு உழைத்தார்கள்; அவர்களின் குழந்தைகளுக்கும் வயதுக்கேற்ப அளந்தார்கள். சுமேரியக் கம்பளித் துணி வெளிநாடு போய்ச் செம்பாகவும் மரமாகவும் திரும்பி வந்தது இவர்கள் கைகளின் வழியேதான்.

நிலமும் விலை கேட்டது. பாசன நீர் ஆவியானபின் தங்கிய உப்பு வயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தது. கோதுமை உப்பைத் தாங்காது. பார்லி ஓரளவு தாங்கும். 1958இல் ஜேக்கப்சனும் ஆடம்சும் வெளியிட்ட கணக்கின்படி, கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்கு 2,537 லிட்டராக இருந்த விளைச்சல் கி.மு. 2100இல் 1,460 ஆகவும், 1700 வாக்கில் 897 ஆகவும் இறங்கியது. மார்வின் பவல் 1985இல் இந்தக் கணக்கை மறுத்தார். தரிசு விட்டு உப்பைச் சமாளிக்கும் வழி சுமேரிய உழவருக்குத் தெரிந்தே இருந்தது என்றார். உப்பு ஒன்றே சுமேரைக் கொன்றது என்பதை நானும் நம்பவில்லை. கி.மு. 2004இல் ஊர் நகரம் விழுந்தது அண்டை நாட்டு ஈலாமியர் படையெடுப்பில். ஆனால் உப்பு இருந்தது, அதனோடு போராடினார்கள் என்பதில் ஐயமில்லை.

மெலுஹா

இல்லாத பொருளுக்கு அவர்கள் கடலைப் பார்த்தார்கள். வளைகுடாவில் இறங்கினால் முதலில் தில்முன், இன்றைய பஹ்ரைன். அடுத்து ‘மகன்’ என்ற நாடு, ஓமான் கரை. செம்பும் டயோரைட் என்ற கருங்கல்லும் அங்கிருந்து வந்தன. அதற்கும் அப்பால் மெலுஹா. சிந்துவெளிதான் மெலுஹா என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கின்றனர். லகாஷின் ஊர்-நான்ஷே கி.மு. 2500 வாக்கில் தில்முன் கப்பல்கள் தனக்கு மரம் கொண்டுவந்ததாகப் பொறித்தார். அக்காட் பேரரசை நிறுவிய சார்கோன், மெலுஹா, மகன், தில்முன் கப்பல்கள் தன் தலைநகரின் துறையில் நிற்பதாகப் பெருமைப்பட்டார். கி.மு. 22ஆம் நூற்றாண்டில் லகாஷை ஆண்ட குடியா, நிங்கிர்சு தெய்வத்துக்குக் கோவில் கட்டியபோது மெலுஹாவிலிருந்து மரமும் பொன்துகளும் சூதுபவளமும் வந்ததை இரண்டு பெரிய மண் உருளைகளில் எழுதிவைத்தார். அவை இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதே லூவரில் ஓர் உருளை முத்திரை உண்டு. அளவில் சிறியது, அக்காட் காலத்தது. ஷு-இலிஷு என்ற பெயரும் ‘மெலுஹா மொழிபெயர்ப்பாளர்’ என்ற தொழிலும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிந்துவெளி மொழியை ஒருவர் காதால் கேட்டு அக்காடிய மொழியில் சொல்லிப் பிழைத்திருக்கிறார்! அந்த மொழி எது என்று நூறு ஆண்டாக நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஊர் அரசமரபு காலத்தில் லகாஷ் வட்டாரத்தில் ‘மெலுஹா ஊர்’ என்றே ஒரு குடியிருப்பும் இருந்தது. அதன் பார்லிக் கணக்கு ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பெயர்களைப் பார்த்தால் அங்கிருந்தோர் அதற்குள் சுமேரியப் பெயர் வைத்துக்கொண்டு உள்ளூராராகிவிட்டார்கள் என்று தெரிகிறது.

சிந்துவெளியின் வயதும் இந்தக் கணக்குக்காரர்களின் தயவில்தான் முதலில் தெரியவந்தது. 1924 செப்டம்பர் 20இல் ஜான் மார்ஷல், இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழில் ஹரப்பா, மொகஞ்சதாரோ முத்திரைகளின் படங்களை வெளியிட்டார். அவை எந்தக் காலத்தவை என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த வாரமே ஏ.எச். சேஸ் எழுதினார்: ஈலாமின் சூசாவில் கிடைத்தவற்றோடு இவை ஒத்துப்போகின்றன என்று. அதற்கடுத்த வாரம் சி.ஜே. காட், சிட்னி ஸ்மித் இருவரும் சுமேரியப் பொருள்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். இராக்கின் கிஷ் நகரில் அகழ்ந்துகொண்டிருந்த எர்னஸ்ட் மக்கே, தனக்கும் இதேபோல் ஒரு முத்திரை அங்கே கிடைத்ததைத் தெரிவித்தார். இரண்டே வாரங்களில் இந்திய வரலாற்றின் தொடக்கம் ஈராயிரம் ஆண்டு பின்னுக்குப் போனது. சில காலம் அதற்கு ‘இந்தோ-சுமேரியம்’ என்றே பெயர். அண்டை வீட்டின் பெயரால் நம்மை அழைத்த காலம்.

மணிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழ்ந்த ஊர் நகரின் அரச கல்லறைகளில் நீண்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. இப்படிப்பட்ட மணியில் நெடுகத் துளையிடுவது லேசில் முடியாது. சானுதாரோவிலும் தோலாவிராவிலும் கிடைத்த துளைமுனைகள் ஒரு தனிவகைக் கடுங்கல்லால் ஆனவை. மக்கேயின் நினைவாக அதற்கு எர்னஸ்டைட் என்று மார்க் கெனோயர் பெயரிட்டார். அவர் செய்து பார்த்த சோதனையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் துளை இறங்கியது. விரல் நீள மணி ஒன்றுக்கு ஒரு தொழிலாளி பல நாள் உட்கார வேண்டும். அந்த மணியை ஊர் நகரத்துப் பெருமாட்டி கழுத்தில் போட்டுக்கொண்டு மண்ணுக்குள் போனாள்.

சரக்கு எப்படிப் போனது என்பதைக் குஜராத்தின் லோத்தல் காட்டுகிறது. கர்நாடகத்தில் பிறந்து பெங்களூரிலேயே 2013இல் மறைந்த எஸ்.ஆர். ராவ் 1955 முதல் அங்கே அகழ்ந்தார். தீப்பிடித்த ஒரு சரக்குக் கூடத்தில் 60க்கும் மேற்பட்ட களிமண் முத்திரை அச்சுகள் அவருக்குக் கிடைத்தன. தீதான் அவற்றைச் சுட்டுக் காப்பாற்றியது. முன்பக்கம் முத்திரையின் பதிவு. திருப்பிப் பார்த்தால் துணியின் இழை, கோரைப்பாயின் பின்னல், கயிற்று முடிச்சின் தடம். மூட்டையைக் கட்டி, முடிச்சின்மேல் களிமண்ணை அப்பி, முத்திரையை அழுத்தியிருக்கிறார்கள். ஹெப்பகோடியை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்படும் கண்டெய்னர் லாரியின் கதவில் எண் போட்ட சீல் அடித்து அனுப்புவதும் இதே காரியம்தான்: வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு உடைக்காமல் வந்து சேர்ந்த சீலே சாட்சி. லோத்தலில் இருக்கும் செங்கல் தொட்டி கப்பல்துறையா, குளமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த அச்சுகளைப் பற்றி எந்தச் சண்டையும் இல்லை.

இத்தனை நெருக்கத்துக்குப் பிறகும் சிந்துவெளியார் சுமேரியரைப் பார்த்து நடக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரண்மனை என்று சொல்லத்தக்க கட்டடம் இல்லை. அரச கல்லறை இல்லை. வென்றதாகப் பீற்றிக்கொள்ளும் கல்வெட்டு இல்லை. ஆனால் குஜராத் முதல் பஞ்சாப் வரை ஒரே எடைக்கல், சுமார் 13.7 கிராம் அலகு, அதன் பாதி, கால், இரட்டிப்பு என்று போகும். எழுத்து இருந்தது, ஆனால் சராசரியாக ஐந்து குறிகளோடு நின்றுவிடுகிறது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளைப் பிரித்துக் காட்டினார். படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதல்வர் 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறார். களிமண்ணில் நீண்ட கணக்கு எழுதும் வழக்கத்தை மெலுஹா வணிகர்கள் லகாஷில் கண்ணாரப் பார்த்திருப்பார்கள். தங்கள் ஊருக்கு அதைக் கொண்டுவரவில்லை. வேறு எதிலாவது எழுதி அது மட்கிப்போயிருக்கலாம். அல்லது அப்படி ஒரு கணக்கே வேண்டியிராத ஏற்பாடு அவர்களிடம் இருந்திருக்கலாம்.

மொழி உறவு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இலங்கைப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்று நூல் எழுதினார். டேவிட் மெக்கால்பின் ஈலாமியத்துக்கும் திராவிடத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். இரண்டாவதற்கு மொழியியலாளரிடையே ஓரளவு காது கொடுத்தவர்கள் உண்டு. முதலாவதைத் துறை ஏற்கவில்லை. சுமேரியம் இன்றுவரை இனம் காணப்படாத தனி மொழி. ஒலி ஒத்த சொற்களைப் பொறுக்கி வரிசைப்படுத்தினால் உலகின் எந்த இரண்டு மொழிக்கும் ஐம்பது சொல் தேறும்.

சாம்பல் மேடுகள்

இனி இந்த மேட்டுநிலத்துக்கு வருவோம். உருக்கில் ஏடுகள் எழுதிய காலத்துக்குச் சற்றே பிறகு, கி.மு. 3000 தொடங்கி, ராய்ச்சூர், பல்லாரிப் பக்கங்களில் சாம்பல் மேடுகள் தோன்றின. நூற்றுக்கும் மேற்பட்டவை தெரியவந்திருக்கின்றன. சில மேடுகள் கண்ணாடிபோல் உருகி இறுகியவை. எரிமலைச் சாம்பல், இரும்பு உருக்கிய கசடு என்று 19ஆம் நூற்றாண்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று ராபர்ட் புரூஸ் ஃபூட் சரியாகவே கண்டார். 1957இல் ரேமண்ட் ஆல்சின் உட்னூரில் அகழ்ந்தபோது கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று. மரக்கம்பம் நட்டு அடைத்த பட்டி. உள்ளே சாணம் சேரச் சேர அவ்வப்போது கொளுத்தியிருக்கிறார்கள். அடுக்குகளுக்கிடையே மாடுகளின் குளம்புத் தடம் அப்படியே பதிந்து கிடந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ஈரச் சாம்பலில் நடந்த மாட்டின் காலடி.

எரு என்று வயலில் போடவேண்டிய சாணத்தை மலையாகக் குவித்துக் கொளுத்துவது ஏன்? வழிபாடு, பருவ விழா, நோய் போக்கும் சடங்கு எனப் பல விளக்கம். எனக்குத் தோன்றுவது இது: உருக்கில் கோவில் களஞ்சியம் எதைக் காட்டியதோ, அதை இங்கே சாம்பல் மேடு காட்டியது. எங்களிடம் இத்தனை மாடு இருக்கிறது என்று சுற்றுவட்டாரம் பார்க்க நின்ற மேடு. செல்வம் நான்கு காலில் நடந்தது. அதைப் பட்டியில் அடைக்கலாம், களஞ்சியத்தில் பூட்ட முடியாது. படி அளந்து ஆளைக் கட்டிப்போடவும் முடியாது. பிடிக்காதவர் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த மேய்ச்சலுக்குப் போய்விடுவார்.

பயிரும் அதற்கேற்றதே. டோரியன் ஃபுல்லரின் ஆய்வுகள் காட்டியபடி, அந்த மக்கள் பயிரிட்டவை இங்கேயே விளைந்த சிறுதானியங்கள், பாசிப்பயறு, கொள்ளு. கன்னடத்தில் கொரலெ என்று இன்றும் சொல்லும் தானியம் அவற்றில் ஒன்று. கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து பிறகு வந்தது. மழை பெய்தால் விதைத்து அறுக்கலாம். வாய்க்கால் வேண்டாம், வாய்க்காலுக்குக் கங்காணியும் வேண்டாம். விளைச்சல் குறைவு, மீதம் குறைவு, ஆனால் யார் தயவும் இல்லாமல் ஒரு குடும்பம் ஓட்டிவிடலாம். சங்கனகல்லுக்கு அருகே குப்கல் குன்றில் டோலரைட் பாறையை உடைத்துக் கோடரி செய்த பட்டறைகள் பரந்து கிடக்கின்றன. சுமேரியர் கப்பலேறித் தேடியது இவர்களின் காலடியில் கிடந்தது. தேடிப் போகவேண்டிய கட்டாயம் இருந்தவர்களிடம்தான் கணக்குப்பிள்ளையும் களஞ்சியமும் முத்திரையும் வளர்ந்தன என்றே நான் நினைக்கிறேன்.

ஹெப்பகோடிக்கு நெருங்கிய சான்றுகள் எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாவட்டங்களில் இருக்கின்றன. லோத்தலைத் தோண்டிய அதே எஸ்.ஆர். ராவ்தான் 1960களில் திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் அகழ்ந்து புதிய கற்காலக் குடிகளின் குழிவீடுகளையும் கொள்ளு, பாசிப்பயறு மணிகளையும் கண்டெடுத்தார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வழவழப்பான கற்கோடரிகளை மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருளோடு சேர்ந்த கரித்துண்டு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அக்காட் பேரரசு ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம் அது. குடியா தன் கோவிலைக் கட்டுவதற்குச் சில பத்தாண்டுகள் முன். குடியாவின் நாட்டில் இரும்பு என்றால் வானிலிருந்து விழுந்த எரிகல் துண்டு, கிடைத்தற்கரியது.

இந்தக் காலக்கணிப்புகளுக்கு மேலும் சான்று வேண்டும் என்று கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. கேட்கட்டும், அதற்குத்தானே ஆய்வு. கணிப்பு நிலைத்தால் தென்னகத்தின் உலைத் தொழில்நுட்பத்துக்குப் பெரிய பெருமை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு சுமேரை முந்திவிட்டோம் என்று கிளம்புவது பொருந்தாத வாதம். உலை வேறு, நகரம் வேறு. உருக்கியவர்களுக்கு இரும்பு இருந்தது, எழுத்து இல்லை. உருக் நகரில் எழுத்து இருந்தது, இரும்பு இல்லை. ஒன்றின் வயதை வைத்து மற்றதன் வயதை அளக்க முடியாது.

மேட்டுநிலத்தில் ஊர் பெருக, தண்ணீரைப் பிடித்துவைக்கும் கூட்டு ஏற்பாடு வரவேண்டியிருந்தது. வற்றாத ஆறில்லாத ஊர் இது. மழையை ஏரி கட்டித்தான் நிறுத்த முடியும். அதற்கு மூவாயிரம் ஆண்டு ஆனது. ஹெப்பகோடிக்குப் பக்கத்துப் பேகூரில் இருக்கும் கி.பி. 890 வாக்கிலான நடுகல்லில்தான் ‘பெங்களூரு’ என்ற பெயர் முதலில் வருகிறது, ஒரு சண்டையை ஒட்டி. தொம்மலூர் சொக்கநாதர் கோவிலின் தமிழ்க் கல்வெட்டுகள் நிலக்கொடையும் தீர்வையும் பேசுகின்றன. கெம்பேகௌடர் 1537இல் கோட்டை கட்டியபோது கூடவே ஏரிகளையும் வெட்டினார். எரிதுவில் தொடங்கிய கதை, கோவில், கொடை, நீர், கணக்கு என்ற அதே பாத்திரங்களோடு, வேறு வரிசையில் இங்கே நடந்தது. இப்போதைய பெங்களூர் 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் குடிக்கிறது. 2024 கோடையில் நகரின் அரசு போர்வெல்களில் ஏறத்தாழ பாதி வற்றின. தண்ணீரைத் தூரத்திலிருந்து இழுத்துப் பல்லாயிரம் பேரைப் பிழைக்கவைக்கும் சுமேரிய வழிக்கு நாமும் வந்துவிட்டோம்.

சுமேரியரைப் பற்றி இவ்வளவு தெரிவதற்கு அவர்களின் மண் ஏடு அழியாமல் கிடந்ததுதான் காரணம். நம் பக்கம் ஏடு இல்லை. சாம்பல் மேடும் கற்கோடரியும் கல்வட்டமும்தான் சான்று. மேடுகள் பல எருவாக வயலுக்குப் போய்விட்டன. குப்கலில் கல்குவாரி பழைய பாறைக் கீறல்களைத் தின்றது. ஓசூர் முதல் ஆனேக்கல் வரை தொழிற்பேட்டையும் மனைப்பிரிவும் மாதாமாதம் புது நிலத்தைச் சமன்படுத்துகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடுகிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் அது கர்நாடகத் துறையின் பொறுப்பு. மாடு ஓட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு அந்த எல்லை இருந்ததில்லை. இரண்டு துறைகளும் சேர்ந்து பெண்ணையாற்றின் மேல்படுகை முழுவதையும் ஒரு முறை நடந்து பார்த்துக் கள ஆய்வு செய்து வரைபடம் போடவேண்டும். மிச்சமிருக்கும் குன்றுகளுக்கு ஜல்லி உரிமம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.